வலிப்பும் ஒரு வாயுவும்: ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

குணப்படுத்தக் கொடுத்த மருந்தே சில நேரம் வலிப்பைக் கொண்டுவந்துவிடும். மூச்சிரைப்புக்குத் தரும் தியோபிலின், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், வலிக்குத் தரும் டிரமடால், மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான், சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அளவு மீறிச் சேர்ந்துவிடும் பென்சிலின் என்று பட்டியல் நீளும். இப்படி வரும் வலிப்பில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் சின்னஞ்சிறு வாயுவுக்கு என்ன பங்கு? 1990-களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் மருந்தியல் துறைகள் இந்தக் கேள்வியைக் கேட்டுவருகின்றன.

எம்.டி., எம்.ஃபார்ம்., பிஎச்.டி. என்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே குழம்பிவிடுகிறார்கள். ஒரு கட்டுரை இந்த வாயு வலிப்பைக் கிளப்பும் என்கிறது, அடுத்தது தணிக்கும் என்கிறது. அந்தக் குழப்பத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே: கிளப்புமா தணிக்குமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, மூளையில் எங்கே என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த நான்கு கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்கும் வழிகளைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. வாயுவைத் தேடும் முன் மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே பார்க்க எல்லா வலிப்பும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே அது வந்த வழி மருந்துக்கு மருந்து வேறு. மூளையில் அடக்கி வைக்கும் வேலை காபாவுடையது, தூண்டிவிடும் வேலை குளூட்டமேட்டுடையது. காக்கைக்கொல்லி விதையிலிருந்து கிடைக்கும் பிக்ரோடாக்சினும், ஆய்வகங்களில் பி.டி.இசட். என்று சொல்லும் பென்டிலீன்டெட்ராசோலும் காபா-ஏ ஏற்பியின் குளோரைடு வழியை மறித்துவிடுகின்றன. ஐசோனியாசிட் அந்த ஏற்பியிடம் போவதில்லை. அது பி6 வைட்டமினைச் செயலிழக்க வைத்து, காபா உற்பத்தியையே குறைத்துவிடுகிறது. தியோபிலின் அடினோசினுக்கு எதிராக நிற்கிறது. அடினோசின் மூளை தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. அது விலகினால் நரம்பணுக்கள் கட்டவிழ்ந்துபோகும். பைலோகார்பினும் வயலில் அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தும் அசிட்டைல்கோலின் வழியாக வருகின்றன. கைனிக் அமிலம் நேராகக் குளூட்டமேட் ஏற்பியையே தட்டுகிறது. எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் முக்கியமாகத் தண்டுவடத்தில் கிளைசினைத் தடுக்கிறது. நினைவு தப்பாமலே உடம்பு வில்லாக வளைந்து விறைக்கும். அதை மூளையில் தொடங்கும் வலிப்போடு ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

பி.டி.இசட்.டின் வரலாற்றையும் படித்து வையுங்கள். 1934-ல் புடாபெஸ்டில் மெடூனா என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கு வலிப்பை வரவழைத்துச் சிகிச்சை செய்தார். முதலில் அவர் கையாண்டது எண்ணெயில் கரைத்த கற்பூரம், பிறகுதான் பி.டி.இசட்.டுக்கு மாறினார். அமெரிக்கா 1982-ல் அந்த மருந்துக்குத் தந்திருந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. இன்றைக்கு அது வலிப்பு ஆய்வகத்தின் அன்றாடப் பொருள்.

2. இந்த வாயு எப்படி மூளைக்குள் வந்தது என்பதைப் படியுங்கள்.

1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டில் உள்பூச்சுச் செல்கள் உரிந்துபோனால் அசிட்டைல்கோலினால் அதைத் தளர்த்த முடியவில்லை என்று காட்டினார். அந்தச் செல்களிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறித் தசையைத் தளர்த்துகிறது என்று தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987-ல் தெளிவானது. அடுத்த ஆண்டே ஜான் கார்த்வெயிட் குழுவினர், சிறுமூளைச் செல்களில் என்.எம்.டி.ஏ. என்னும் குளூட்டமேட் ஏற்பியைத் தூண்டினால் அதே பொருள் வெளிவருவதைக் கண்டார்கள். 1990-ல் பிரெட், ஸ்னைடர் இருவரும் இதை உண்டாக்கும் நொதியை மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த வரலாற்றில் வலிப்பு ஆய்வாளர் பிடித்துக்கொள்ள வேண்டியது 1988. வலிப்பின்போது குளூட்டமேட் பெருகுகிறது. அது என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் திறக்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, கால்மோடுலின் துணையோடு நொதி விழித்துக்கொள்கிறது, எல்-ஆர்ஜினின் உடைந்து சிட்ருலினும் நைட்ரிக் ஆக்சைடும் உண்டாகின்றன. அப்படியானால் கடும் வலிப்பு ஏறக்குறைய எப்போதுமே இந்த வாயுவை உண்டாக்கும் என்று எதிர்பார்க்கலாம். வாயு இருக்கிறதா என்று கேட்பதைவிட, இருந்து என்ன செய்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

மற்ற நரம்புக் கடத்திகளைப் போல இதைப் பையில் அடைத்து வைக்க முடியாது. ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டுக்கும் மணம் போவதுபோல, உண்டான இடத்திலிருந்து சவ்வுகளைக் கடந்து சுற்றியுள்ள எல்லாச் செல்களுக்கும் பரவிவிடும். முன்னே குளூட்டமேட்டை விட்ட நரம்பணுவுக்கும் திரும்பிப் போகும், பக்கத்து ரத்தக் குழாய்க்கும் போகும். சில நொடிகளில் மறைந்தும்விடும்.

3. மூன்று நொதிகளையும் பிரித்துப் பாருங்கள்.

நரம்பணுவில் ஒன்று, ரத்தக் குழாயின் உள்பூச்சில் ஒன்று, அழற்சியின்போது மட்டும் பெருமளவில் உற்பத்தியாவது ஒன்று. நரம்பணு நொதி பி.எஸ்.டி.-95 என்ற புரதத்தின் வழியாக என்.எம்.டி.ஏ. ஏற்பியோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஏற்பி திறந்த கணத்தில் அதற்குச் செய்தி போய்விடும். ரத்தக் குழாய் நொதி, துடிக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தத்தைக் கூட்டித் தருவதில் பங்கெடுக்கிறது. அழற்சி நொதி வேலைக்கு வர மணிக்கணக்காகும்; வந்துவிட்டால் கால்சியம் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தாமல் நீண்ட நேரம் வாயுவைக் கொட்டும்.

ஊசி போட்ட ஐந்தாம் நிமிடத்தில் வரும் வலிப்புக்கு அழற்சி நொதியைக் காரணம் சொல்வது பொருந்தாது. ஒரு நாள் கழித்துச் சாகும் நரம்பணுக்களின் கதையில் அதை விட்டுவிடுவதும் பொருந்தாது. நீங்கள் எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த நேரத்தில் வேலை செய்யும் நொதியைப் பற்றிப் பேசுங்கள்.

4. முரண்படும் முடிவுகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் அமினோபிலின் கொடுத்து வலிப்பை ஆராய்ந்தார்கள். வலிப்பை அடக்கும் வழக்கமான மருந்தான ஃபெனிட்டாயின் அங்கே பயன்படவில்லை. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளும், வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளும் வலிப்பைக் குறைத்தன. அங்கே வாயு வலிப்பின் பக்கம் நிற்கிறது.

சென்னை தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், எலிகளுக்குப் பிக்ரோடாக்சின் கொடுத்துப் பார்த்தார்கள். எல்-ஆர்ஜினின் கொடுத்து மூளையில் நைட்ரிக் ஆக்சைடை உயர்த்தியபோது வலிப்புக்கு எதிரான பாதுகாப்பு தெரிந்தது. காபாவைச் சிதைக்கும் நொதியை இந்த வாயு தடுக்கிறது, அதனால் காபா கூடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இங்கே வாயு தடுப்பவன் பக்கம் நிற்கிறது.

வெளிநாட்டிலும் அப்படியே. 1994-ல் ஒரு குழு, நொதித் தடுப்பான்கள் எலிகளில் பி.டி.இசட். வலிப்பைத் தணிப்பதாக எழுதியது. அதே 1994-ல் இன்னொரு குழு, அதே வகைத் தடுப்பான் கைனிக் அமில வலிப்பைக் கடுமையாக்கியதாக எழுதியது. சுண்டெலிகளுக்குப் பைலோகார்பின் கொடுத்தவர்களும் 1993-ல் தடுப்பானால் வலிப்பு கூடுவதையே கண்டார்கள்.

இவற்றில் யாரோ ஒருவர் தவறு செய்திருப்பார் என்று முடிவு கட்டாதீர்கள். மருந்து வேறு, விலங்கு வேறு, டோஸ் வேறு, தடுப்பான் கொடுத்த நேரம் வேறு. ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் இந்த நான்கையும் எழுதுங்கள். இருபது கட்டுரை எழுதி முடிக்கும்போது முரண்பாட்டில் பாதி தானாகவே கரைந்துவிடும். மீதிப் பாதிதான் உங்கள் ஆய்வுத் தலைப்பு.

5. இரு திசைக்கும் உள்ள காரணங்களை மனப்பாடமாகத் தெரிந்து வையுங்கள்.

கிளப்பும் திசை: வாயு, குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தட்டி சைக்ளிக் ஜி.எம்.பி.யை உயர்த்துகிறது. முன்பக்க நரம்பணுவுக்குத் திரும்பிப் போய் மேலும் குளூட்டமேட்டை வெளியிட வைக்கக்கூடும். வலிப்பு நீண்டால் சூப்பராக்சைடும் சேர்ந்து பெருகும். இரண்டும் கூடினால் பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய பொருள் உண்டாகிப் புரதத்தையும் கொழுப்பையும் மைட்டோகாண்டிரியாவையும் தாக்கும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளும் நொதித் தடுப்பான்களும் டெல்லி ஆய்வில் ஒரே திசையில் வேலை செய்ததை இந்த இடத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

தணிக்கும் திசை: வாயு என்.எம்.டி.ஏ. ஏற்பியின் கந்தகப் பகுதிகளில் ஒட்டிக்கொண்டு அந்த ஏற்பியின் வேகத்தையே குறைக்கும். தன்னைத் திறந்துவிட்ட கதவைத் தானே சாத்துகிற வேலை இது. காபாவைக் காக்கும் வழியை மேலே சொன்னேன். ரத்த ஓட்டத்தைக் கூட்டி, துடிக்கும் பகுதிக்குப் பிராணவாயுவும் குளுக்கோஸும் போய்ச் சேர உதவுவது மூன்றாவது.

இரண்டு திசையும் ஒரே மூளையில் ஒரே நேரத்தில் நடக்கலாம். கூட்டிக் கழித்து எது மிஞ்சுகிறது என்பதைத்தான் எலி உங்களுக்குக் காட்டுகிறது.

6. தடுப்பான் மருந்தின் மற்ற வேலைகளையும் விசாரியுங்கள்.

எல்-நேம் என்ற தடுப்பான் மலிவு, தண்ணீரில் கரையும், எல்லோரும் வாங்குவார்கள். அது மூன்று நொதிகளையும் தடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், மூளைக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கும். அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பியையும் தொடும் என்று 1993-லேயே காட்டியிருக்கிறார்கள். மஸ்கரினிக் ஏற்பி வழியாகவே வலிப்பைக் கொண்டுவரும் பைலோகார்பினோடு இதைச் சேர்த்துக் கொடுப்பவர், அதை யோசிக்காமல் முடிவு எழுதக் கூடாது.

7-நைட்ரோஇண்டசோல் உயிருள்ள விலங்கில் பெரும்பாலும் நரம்பணு நொதியைத்தான் தடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அதனால் நல்ல துணை. தண்ணீரில் கரையாது, கடலை எண்ணெயில் கலந்து கொடுப்பது வழக்கம். அப்படியானால் கண்ட்ரோல் குழுவுக்கும் அதே எண்ணெய் அதே அளவு போக வேண்டும். மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி நொதியையும் அது தடுக்கும் என்பதை மறக்காதீர்கள். அமினோகுவானிடின் அழற்சி நொதிக்கு. மெத்திலீன் புளூ, குவானிலேட் சைக்ளேஸை மட்டும் தடுக்கும் என்று பழைய புத்தகத்தில் இருந்தால் நம்பிவிடாதீர்கள். நைட்ரிக் ஆக்சைடு நொதியையும் அது தடுக்கும்.

மூன்று காவல்கள் போதும். எல்-நேமோடு, வேலை செய்யாத அதன் இணையான டி-நேமையும் ஒரு குழுவுக்குக் கொடுங்கள். தடுப்பானின் விளைவை எல்-ஆர்ஜினின் கொடுத்துத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். வேதிக் குடும்பம் வேறாக உள்ள இரண்டு தடுப்பான்களில் ஒரே முடிவு வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் சொன்னால் நம்பலாம்.

7. ஒரே டோஸோடு நின்றுவிடாதீர்கள்.

இந்தத் துறையில் வளைவுகள் நேராகப் போவதில்லை. டெஹ்ரானில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், குறைந்த அளவு மார்ஃபின் பி.டி.இசட். வலிப்பின் வாசலை, அதாவது வலிப்பு தொடங்கத் தேவையான அளவை, உயர்த்தியது, கூடிய அளவு அதைத் தாழ்த்தியது. இரண்டிலும் நைட்ரிக் ஆக்சைடின் கை இருப்பதாகக் கண்டார்கள். அதே நகரத்து ஆய்வாளர்கள் 2006-ல், சில்டெனாஃபில் வலிப்பு வாசலைத் தாழ்த்துவதையும் காட்டினார்கள். சில்டெனாஃபில் சைக்ளிக் ஜி.எம்.பி. சிதையாமல் காக்கும் மருந்து என்பதால், வாயுவின் கீழ்நிலைப் பாதையைப் பிடித்துப் பார்க்க அது ஒரு நல்ல கருவி.

குறைந்தது மூன்று டோஸ் பாருங்கள். தடுப்பானை வலிப்பூட்டும் மருந்துக்கு முன் கொடுப்பது ஒரு கேள்வி, வலிப்பு தொடங்கிய பின் கொடுப்பது வேறு கேள்வி, இரண்டையும் கலக்காதீர்கள். வலிப்பூட்டும் மருந்தின் டோஸையும் யோசித்து வையுங்கள். எல்லா விலங்குக்கும் வலிப்பு வரும் அளவில் கொடுத்தால், உங்கள் மருந்து வலிப்பைக் கூட்டுகிறதா என்று தெரியவே தெரியாது. பாதிக்கு வரும் அளவை வையுங்கள், அல்லது வால் சிரை வழியாக மெல்ல மெல்லச் செலுத்தி எந்த அளவில் துடிப்பு தொடங்குகிறது என்று அளங்கள்.

8. கண்ணைப் பழக்குங்கள்.

பி.டி.இசட். ஊசி போட்ட சுண்டெலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஓட்டத்தை நிறுத்தி ஒரு மூலையில் ஒடுங்கும். காது பின்னுக்குப் படியும். பிறகு உடம்பு முழுவதும் ஒரே ஒரு வெட்டு வெட்டும். மயிரிழை நேரம்தான், தலையைத் திருப்பினால் தவறவிட்டுவிடுவீர்கள். அந்த வெட்டுகள் அடுத்தடுத்து வரும். அப்புறம் முன்னங்கால்கள் துடிக்க, வால் விறைத்து மேலே நிற்கும். நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாயும். அளவு கூடினால் பின்னங்கால்கள் உடம்போடு நேர்கோட்டில் பின்னோக்கி நீண்டு விறைக்கும். பெரும்பாலான சாவு அந்தக் கட்டத்தில்தான்.

முதல் வெட்டு எத்தனையாவது நொடி, முழு வலிப்பு எத்தனையாவது நொடி, பின்னங்கால் நீண்டதா, பிழைத்ததா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். ரசீன் 1972-ல் வகுத்த ஐந்து நிலை அளவுகோலை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அது எலிகளின் அமிக்டலாவில் மின்தூண்டல் கொடுத்து மெல்ல வளர்த்த வலிப்புக்காக வகுத்தது. உங்கள் மருந்து வேறு வரிசையில் நிலைகளைக் காட்டினால் அதற்கேற்ப மாற்றியமைத்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, மாற்றத்தை எழுதிவிடுங்கள்.

மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து போனது என்று தெரியக் கூடாது. ஊசி போடுபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். வீடியோ எடுத்து வையுங்கள். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று பிரிக்காதீர்கள். வலிப்பு வாசல் நேரத்தோடும் அறை வெப்பத்தோடும் சத்தத்தோடும் மாறும். நொதித் தடுப்பான்கள் உடல் வெப்பத்தையும் மாற்றக்கூடும் என்பதால் வெப்பமானியைக் கையில் வைத்திருங்கள்.

9. இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டதும் வாயுவை அளந்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

சில நொடிகளே வாழும் வாயுவை அரைத்த மூளையில் பிடிக்க முடியாது. கிரீஸ் முறையில் நாம் அளப்பது அது விட்டுச்சென்ற நைட்ரைட்டை. சல்ஃபனிலமைடும் நாஃப்தைல் கரைசலும் சேர்ந்து குழிகளில் இளஞ்சிவப்பு ஏறும். 540 நானோமீட்டரில் படிக்கிறோம். ஆனால் உடம்பில் பெரும்பகுதி நைட்ரேட்டாகப் போய்விடுகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகக் குறைக்காமல் அளந்தால் பாதிக் கணக்குக்கூட வராது. புரதத்தை நீக்காவிட்டால் கரைசல் கலங்கி எண் ஏறும். மூளையில் ரத்தம் தங்கியிருந்தால் ஹீமோகுளோபின் வாயுவை விழுங்கி நைட்ரேட்டாக்கிவிடும். அதனால் உப்புக் கரைசலால் ரத்தத்தைக் கழுவிவிட்டு எடுங்கள். கண்ணாடிக் குடுவையிலும் காய்ச்சிவடித்த தண்ணீரிலும் விலங்கின் தீவனத்திலும் நைட்ரேட் இருக்கும். வெற்றுக் குழி ஒன்றை எப்போதும் ஓட்டுங்கள்.

சைக்ளிக் ஜி.எம்.பி. அளக்க நினைத்தால் இன்னும் அவசரம். மூளையைச் சாதாரணமாக வெட்டி எடுக்கும் நேரத்துக்குள் அதன் அளவு மாறிவிடும். அதனால்தான் வசதியுள்ள ஆய்வகங்களில் இதற்கென்றே உள்ள நுண்ணலைக் கருவியால் மூளையை நொடியில் நிலைப்படுத்துகிறார்கள். அந்த வசதி இல்லையென்றால், ஆர்ஜினின் சிட்ருலினாக மாறும் வேகத்தை வைத்து நொதியின் வேலையை அளங்கள். அது நின்று பிடிக்கும். முழு மூளையை ஒன்றாக அரைக்காமல் ஹிப்போகாம்பஸ், மேலுறை, சிறுமூளை என்று பிரித்து அளங்கள். ஓரிடத்தில் ஏறியதும் இன்னோரிடத்தில் இறங்கியதும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் எதுவும் நடக்காததுபோலத் தெரியும்.

10. காரணமா விளைவா என்ற கேள்வியை ஒவ்வொரு நாளும் கேளுங்கள்.

வலிப்பு முடிந்த மூளையில் நைட்ரேட் ஏறியிருந்தது என்பது ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் வாசகம். அதை மட்டும் வைத்து வாயுதான் வலிப்பைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. குளூட்டமேட் பெருகினால் வாயு பெருகும் என்று மேலே பார்த்தோம். எந்த வழியில் வந்த வலிப்பானாலும் அது நடக்கலாம். எனவே வலிப்பு வருவதற்கு முந்திய நிமிடங்களில் ஒரு குழுவை எடுத்து அளங்கள். வலிப்பு வராத சிறு டோஸில் ஒரு குழுவை அளங்கள். டயஸிபாம் கொடுத்து வலிப்பை அடக்கியபின் வலிப்பூட்டும் அதே மருந்தைக் கொடுத்து அளங்கள். அப்போதும் வாயு ஏறினால் அது மருந்தின் வேலை, ஏறாவிட்டால் வலிப்பின் வேலை.

நரம்பணு நொதி இல்லாத சுண்டெலிகளை 1993-லேயே உருவாக்கிவிட்டார்கள். கிடைத்தால் பயன்படுத்துங்கள். பிறப்பிலிருந்தே ஒரு நொதி இல்லாத மூளை வேறு வழிகளால் ஈடுகட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் தடுப்பானால் வலிப்பு குறைந்தது என்றால், வலிப்பூட்டும் மருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தீர்களா? ரத்த ஓட்டத்தை மாற்றும் மருந்து, மற்ற மருந்துகள் மூளைக்குப் போகும் அளவையும் மாற்றக்கூடும். தியோபிலினை ரத்தத்திலும் மூளையிலும் அளப்பது இன்று கடினமல்ல. அந்த ஓர் அட்டவணை உங்கள் ஆய்வேட்டைக் காப்பாற்றும்.

11. விலங்குக்கும் நோயாளிக்கும் உள்ள கடமையை மறக்காதீர்கள்.

விலங்கு ஆய்வுக்கு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் நிறுவன நெறிக்குழுவும் இருக்கின்றன. அனுமதித் தாள் கிடைத்ததோடு கடமை முடிந்துவிடாது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் சொன்ன மூன்றும் நம் கைக்குள் உள்ளவை: விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, துன்பத்தைக் குறைக்க முடியுமா. எத்தனை செத்தன என்று எண்ணுவதற்குப் பதில் பின்னங்கால் நீட்சியை முடிவுப் புள்ளியாக வையுங்கள். பார்த்து முடித்ததும் டயஸிபாம் கொடுத்து வலிப்பை நிறுத்துங்கள். அரைகுறையாகத் திட்டமிட்ட ஆய்வில் சாகும் எலி வீணாகச் சாகிறது. இதைவிடக் கடுமையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நோயாளி பக்கம் வாருங்கள். வார்டுக்குப் போய்ப் பாருங்கள். தியோபிலின் சாப்பிடும் முதியவருக்கு யாரோ சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். கல்லீரல் தியோபிலினை மெதுவாகச் சிதைக்கும், ரத்தத்தில் அளவு ஏறும், வலிப்பு வரும். பீடியை விட்டவருக்கும் அதே டோஸ் கூடுதலாகிவிடும். அந்த வலிப்புக்கு ஃபெனிட்டாயின் நம்பத்தக்கதல்ல. பென்சோடயஸிபைன் முதலில், அடங்காவிட்டால் ஃபினோபார்பிடோன், கடுமையானால் ரத்தச் சுத்திகரிப்பு. ஐசோனியாசிட் அளவு மீறி விழுங்கியவருக்குத் தேவை பைரிடாக்சின். விழுங்கிய அளவுக்கு இணையான அளவு, தெரியாவிட்டால் பெரியவர்களுக்கு 5 கிராம் சிரை வழியாக. சாமி அறைக் கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்ட குழந்தை சில நிமிடங்களிலேயே வலிப்போடு வரும்; கற்பூரத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள் என்று தாயிடம் சொல்வதும் மருந்தியல்தான்.

நைட்ரிக் ஆக்சைடைக் குறிவைத்து வலிப்பை நிறுத்தும் மருந்து எதுவும் இன்று மருத்துவமனை அலமாரியில் இல்லை. எல்-ஆர்ஜினின் பொட்டலத்தைச் சத்து மருந்தாக விற்கிறார்கள் என்பதற்காக, வலிப்பு உள்ள உறவினருக்கு அதைச் சொல்லிவிடாதீர்கள். தரமணி எலிக்கு உதவியது, வேறு காரணத்தால் வலிப்பு வரும் மனிதருக்குக் கேடு செய்யலாம். நான்கு கேள்விகளும் நோயாளியின் படுக்கையருகே இன்னும் கூடுதலாகத் தேவை.

12. எதுவும் மாறவில்லை என்றாலும் எழுதுங்கள்.

தடுப்பான் கொடுத்தும் வலிப்பு மாறவில்லை என்ற முடிவை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது இந்தத் துறைக்குப் பெரிய கேடு. ஒரு மருந்தின் வலிப்பில் இந்த வாயுவுக்குப் பங்கில்லை என்று தெரிவது, அந்த மருந்துக்கு வேறு பாதையைத் தேடச் சொல்லும் திறவுகோல். அதை மறைத்தால் அடுத்த ஊரில் ஒரு மாணவர் அதே எலிகளை மறுபடி கொல்வார்.

எழுதும்போது மருந்தின் பெயரும் உப்பு வடிவமும், எதில் கரைத்தீர்கள், எந்த வழியில் கொடுத்தீர்கள், எத்தனை நிமிட இடைவெளி, ஆணா பெண்ணா, எந்த இனம், என்ன வயது, பகலில் எத்தனை மணி என்று எதையும் விடாதீர்கள். முடிவுரையில் நைட்ரிக் ஆக்சைடு வலிப்பைத் தூண்டுகிறது என்று நான்கு சொல்லில் எழுதாதீர்கள். இந்த மருந்தால், இந்த டோஸில், இந்த நேரத்தில், மூளையின் இந்தப் பகுதியில் என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும், நீளட்டும். அடுத்தவர் அதைப் படித்துவிட்டு, தம் கையில் இருக்கும் மருந்துக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்று தாமே சொல்ல முடிந்தால் உங்கள் ஆய்வு பயன்பட்டுவிட்டது.